எதிர்பார்ப்பு நீக்கப் பிரிவு

மனித குலம் இதுவரை கண்டறிந்த இன்பங்களுள் தலையாயது, பரிசாக வந்த ஒரு நூலின் முதல் பக்கத்தைத் திறப்பதே. விடுமுறைப் பரிசு நூல் வாரியத்தின் வாசலில் இந்த வாக்கியத்தைக் கறுப்புப் பளிங்கில் பொன்னெழுத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தைப் பற்றி அந்தப் பளிங்கில் ஒன்றும் இல்லை. இடம் போதவில்லை போலும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டு விடுமுறைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு புத்தகம் என்று வாரியம் ஊருக்கே பரிசு கொடுக்கும். யாருக்கு எது என்பதை வாரியமே தீர்மானிக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் புத்தகம் நேராக அலமாரியின் உச்சிக்கு ஏறி, அடுத்த வருடத்துப் புத்தகம் வந்து தன் தலைமேல் உட்காரும்வரை காத்திருக்கும். பல்செட்டுக்காரியின் வீட்டில் மட்டும் கதை வேறு.

ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், பிளாஸ்டர் அச்சில் மெழுகு ஊற்றி, பல் பதித்து, ராவி, மெருகேற்றிப் பல்செட் செய்வது அவள் வேலை. உடம்பில்லாத சிரிப்புகளோடு பகலெல்லாம் தனியாக உட்கார்ந்திருப்பவள். அவளைச் சாதாரணமாக எதுவும் பயமுறுத்திவிட முடியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த அக்காவும் அவளும் இரண்டறை வீட்டில் குடியிருந்தார்கள். அக்காவுக்குக் கண் பார்வை போய்விட்டது. அதனால் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் இவள் சத்தமாக வாசிப்பாள். அக்கா பிரம்பு நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு கேட்பாள். இவள் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், நாற்காலியிலிருந்து வரும்: "அப்புறம்?"

சில நாள் அது வராது. நிமிர்ந்து பார்த்தால் அக்காவின் தாடை மார்பில் கிடக்கும்.

"குறட்டை விட்டே."

"நானா? கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டிருந்தேன். குறட்டையெல்லாம் அப்பா வழி. நான் அம்மா ஜாடை. நீ படி."

கடைசி வரைக்கும் அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை.

விடுமுறை நெருங்க நெருங்க இருவருக்கும் இருப்பு கொள்ளாது. ஐம்பது வயதைத் தாண்டிய தங்கையை அக்கா இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "இந்தத் தடவை தடியா ஒரு கடல் கதை வரணும் பாப்பா. கப்பல் மூழ்கினாலும் பரவாயில்ல."

"எனக்கு ஒரு கொலை வேணும்."

"கப்பல்லயே ஒரு கொலை நடந்துட்டா ரெண்டு பேருக்கும் ஆச்சு."

போன வருடம் கடல் கதையே வந்தது. தலையணைக்கு ஆகும் அளவு தடி. ஒரு கப்பல் சமையல்காரன். இடது கணுக்காலில் கொதிநீர் கொட்டிய வடு. கரையில் அவன் மனைவி துறைமுகத்துக்கு வந்து வந்து திரும்பிப் போகிறாள். கப்பல் மூழ்கியது, ஆள் பிழைத்தான், செத்தான், மறுபடி பிழைத்தான். கடைசியில் ஒரு கப்பல் கரையைத் தொட்டது. மனைவி கூட்டத்தில் முண்டிக்கொண்டு நின்றாள். பல்செட்டுக்காரி வாசித்தாள்: "இறங்குபடியின் உச்சியில் ஒரு கால் தெரிந்தது. அந்தக் காலில்"

அதற்கடுத்து அட்டை.

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க்கா இருக்கு."

"கால்ல என்ன இருந்துச்சாம்?"

"அந்தத் தாளைக் காணோம். பைண்டிங்ல விட்டிருப்பான்."

"நல்லா விட்டான். நாளைக்குப் போய் மாத்திட்டு வா."

மறுநாள் போனாள். விடுமுறைப் பரிசு நூல் வாரியம் விடுமுறைக்காக மூடியிருந்தது. அது திறப்பதற்குள், ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேட்டது.

"அப்புறம்?"

எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல் இல்லை. தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று சொல்லும் அதே குரல். பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அதன் நடுவில் மட்டும், யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் பிரம்பு தாழ்ந்திருந்தது.

பல்செட்டுக்காரி தட்டை வைத்துவிட்டு, "அவன் வந்துட்டாங்க்கா. ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்க" என்றாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. "அப்புறம்?"

அழுகல் தக்காளியை நல்லதென்று தலையில் கட்டப் பார்க்கும் கடைக்காரனிடம் அக்கா பேசும் தொனி அது. அக்காவிடம் பொய் என்றைக்குமே செல்லுபடியானதில்லை.

தினமும் விளக்கு போடும் நேரத்துக்கு வந்தது. வேறு கதைகளை வாசித்துப் பார்த்தாள். செய்தித்தாள் வாசித்தாள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடிந்ததும், அந்தக் கால் எங்கே என்ற அர்த்தத்தில் அதே ஒற்றைச் சொல்லைச் சொன்னாள். கூட வேலை பார்ப்பவள், "நாற்காலியை வெளியில தூக்கிப் போடேன்" என்று யோசனை சொன்னாள். பால்கனியில் போட்டாள். அன்றைக்கு "அப்புறம்?" பால்கனியிலிருந்து வந்தது. குரலில் ஜலதோஷம் இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது. நாற்காலியைத் துடைத்து உள்ளே கொண்டுவந்து போட்டாள்.

இந்த வருட விடுமுறை நெருங்கியபோது அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அதே புத்தகம், முழுதாக.

வாரியக் கட்டடம் வெளியே பளிங்கு, உள்ளே ஈரம். நீண்ட நடைபாதையில் குழல்விளக்குகள் யாரையோ பற்றிப் பேசுவதுபோல் முணுமுணுத்தன. எதிரில் வந்த ஊழியர்கள் எல்லோரும் ஒரு காதில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

விசாரணை அதிகாரி பஞ்சில்லாத காதை அவள் பக்கம் திருப்பிக் கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் வாடிப்போனார்.

"அப்ப நீங்க ஒரு புத்தகத்தை எதிர்பார்க்கிறீங்க."

"ஆமா சார்."

"பரிசுன்னா என்னம்மா? எதிர்பாராம வர்றது. எதிர்பார்த்தது வந்தா அதுக்குப் பேர் டெலிவரி. நாங்க டெலிவரி பண்றதில்ல."

"சரி, எதிர்பார்க்காத மாதிரி இருந்துக்கறேன்."

"இருந்துக்கறேன்னா ஆச்சா? சரிபார்க்கணும். மாடியில எதிர்பார்ப்பு நீக்கப் பிரிவு இருக்கு. அங்க உக்காந்து ஆசையை விட்டுட்டு வாங்க. ஆசை போயிடுச்சுன்னு ஆச்சுன்னா கிடைக்கிறதுக்கு வாய்ப்பிருக்கு."

"ஆசை போனதுக்கப்புறம் கிடைச்சு என்ன சார் பண்றது?"

"பத்திரமா வெச்சுக்கலாம். ஊர்ல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வெச்சிருக்காங்க."

அவள் எழுந்தாள். பிறகு பொறுக்கமாட்டாமல், "காதுல என்ன சார்?" என்றாள்.

"இந்தக் காது மக்களுக்கு. அந்தக் காது கட்டடத்துக்கு."

"கட்டடத்துல என்ன?"

"பைப்பு" என்றார். ஆனால் மேலே கூரையைப் பார்க்காமல் சொன்னார்.

மாடியறையில் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி பெஞ்சுகள். சுவரில் முன்பு புத்தக அலமாரி இருந்த இடம் வெளிறிப்போய் ஒரு கதவுபோல் தெரிந்தது. பெஞ்சு நிறைய ஆட்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. முன்வரிசையில் ஓரிடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். பல்செட்டுக்காரி அதில் உட்காரப் போக, கண்காணிப்பாளர் ஓடிவந்து தடுத்தார்.

"அது ஒரு பள்ளிக்கூட டீச்சரோட இடம். அவங்களுக்கு எதிர்பார்ப்பு முழுசா நீங்கிடுச்சு."

"புத்தகம் வாங்கிட்டுப் போயிட்டாங்களா?"

"புத்தகம் வேணாம்னாங்க. அப்புறம் சாப்பாடு வேணாம்னாங்க. இங்கயிருந்து வீட்டுக்குப் போகவும் வேணாம்னுட்டாங்க. எங்க பிரிவோட மிகப்பெரிய வெற்றி." அவர் குரல் தழுதழுத்தது. "இப்பவும் சில நேரம் அந்த எடத்துல பக்கம் புரட்டற சத்தம் கேக்கும். பைப்புதான்."

பல்செட்டுக்காரி பின்வரிசையில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் உதட்டை அசைக்காமல் பேசினார்.

"உங்களுக்கு என்ன?"

"கப்பல் கதை. கடைசித் தாளு இல்ல."

"எனக்குக் கொலைக்கதை. யாரு பண்ணான்னு சொல்றதுக்கு ஒரு வரி முன்னாடி நின்னுடுச்சு. எனக்கு டாக்டர் மேலதான் சந்தேகம். எங்க கண்டக்டர் இல்லவே இல்லைன்னான். ரெண்டு பேரும் ஒரே வண்டியில தலைமுடி நரைச்சவங்க. பந்தயம் கட்டினோம். அவன் போயிட்டான்."

"வேற ஊருக்கா?"

"அதைவிடக் கொஞ்சம் தள்ளி."

கண்காணிப்பாளர் மணியடித்துக்கொண்டு வரிசையாக வந்தார். ஒவ்வொருவரையும் "இன்னும் வேணுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் சின்ன டார்ச் விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்ப்பார். கண்ணில் துளி ஆசை மினுங்கினாலும் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

மணி அடங்கிய இடைவெளியில் அது கேட்டது.

"அப்புறம்?"

அறையே திரும்பியது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் திரும்பினார்கள். டிரைவர் தன் கண்டக்டர் வழக்கமாக நிற்கும் திசையில், முதுகுக்குப் பின்னால் பார்த்தார். ஒரு கிழவர் காலியான தன் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கண்காணிப்பாளர் இரண்டாவது காதுக்கும் பஞ்சைத் தேடினார்.

"பைப்பு" என்றார்.

"எங்க அக்கா" என்றாள் பல்செட்டுக்காரி. "சார், ஒரு பைண்டிங்காரன் பண்ணின தப்புக்கு இத்தனை பேரு இங்க உக்காரணுமா?"

"பைண்டிங்காரன் தப்பா? யாரு சொன்னது?" கண்காணிப்பாளர் உண்மையிலேயே புண்பட்டுவிட்டார். "அது எங்க வேலைம்மா. முன்னாடி ஒரு வருஷம், ஒரு மேலதிகாரியோட மாமியார் விடுமுறையில ஒரு கதையோட முடிவைப் படிச்சிட்டு அழுதுட்டாங்க. வீட்ல யாரும் ஊர் சுத்தப் போகல. அன்னியிலேருந்து சோகமான முடிவையெல்லாம் எடுத்துட்டுத்தான் குடுக்கிறோம். விடுமுறையில யாரும் கலங்கக்கூடாது பாருங்க."

கலங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களை அவர் பெருமையோடு பார்த்தார்.

"அப்ப என் கப்பல் கதை சோகமா முடியுதா?"

"அதை வல்லுநர் குழு முடிவு பண்ணியிருக்கும். இன்னும் வேணுமா?"

வேண்டாம் என்று சொன்னால்தான் பரிசளிப்பு விழாவுக்கு அனுமதி. விழாவுக்குப் போனால்தான் பெட்டி. பல்செட்டுக்காரி கண்ணை மூடித் திறந்தாள். இல்லாத வாய்க்குச் சிரிப்பு செய்வது அவள் தொழில். மெழுகில் பதிப்பதுபோல் முகத்தில் ஒரு நிம்மதியைப் பதித்தாள்.

"வேண்டாம் சார். எனக்கு அந்தப் புத்தகம் வேண்டாம். யாரு இறங்கினா எனக்கென்ன."

டார்ச் கண்ணுக்குள் இறங்கி வெளியே வந்தது. "நீங்கிடுச்சு" என்று கண்காணிப்பாளர் கைகொடுத்தார். அவர் கை குளிர்ந்திருந்தது.

அன்று விளக்கு போட்ட பிறகு வீட்டில் சத்தமே இல்லை. பிரம்பு நாற்காலியின் நடுப்பகுதி தாழாமல் விறைப்பாக இருந்தது.

"அக்கா, அது அந்த டார்ச்காரனுக்காகச் சொன்னதுக்கா."

சமையலறைக் குழாய் சொட்டியது.

"கோவமா?"

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பேயில்லாத வீட்டில் அவளுக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டுக் கதவருகே நின்றாள். ஒரு கட்டத்தில் பொறுக்கமுடியாமல் அவளே "அப்புறம்?" என்று சொல்லிப் பார்த்தாள். அது சுவரில் பட்டு அவள் குரலாகவே திரும்பி வந்தது. அதற்குப்பின் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை.

விழா மண்டபத்தில் பொன்னிற நாடா கட்டிய பெட்டிகள் மலையாய்க் குவிந்திருந்தன. ஆளுக்கொன்று கையில் கொடுத்து, தலைவர் பேசி முடிக்கும்வரை திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். டிரைவர் பல்செட்டுக்காரிக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அவரும் வேண்டாம் என்று சொல்லித் தப்பித்து வந்தவர். அவள் மறுபக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்தாள். பிறகு என்னவோ தோன்றி, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

வாரியத் தலைவர் எழுந்து நின்று சிரித்தார். மேல்வரிசைப் பல்செட் அவள் செய்தது. நன்றாகப் பொருந்தியிருந்தது.

"நூல் என்பது ஒரு விளக்கு. அந்த விளக்கை ஏந்தும் கை வாரியம். அந்தக் கையை அசைக்கும் தோள், பணிவோடு சொல்கிறேன், நான். எந்த வாசகரும் இதுவரை எங்களிடம் வந்து ஒரு முடிவைக் கேட்டதில்லை. இத்துடன் என் உரையை நிறைவு செய்கிறேன்."

கைதட்டக் கைகள் எழுந்தன.

"அப்புறம்?"

காலி நாற்காலியிலிருந்து வந்தது. சர்க்கரை போதாத அதே குரல். பல்செட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் இருந்த கைப்பைமேல் சொட்டுச் சொட்டாய் விழுந்தது.

தலைவர், சிறப்பு விருந்தினர்தான் மேலும் கேட்க விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டார். சிறப்பு விருந்தினர் மேடையில் உறங்கிக்கொண்டிருந்தார்.

"அப்புறம்... ஆம். சோகமான முடிவுகளைக் கண்டறிந்து நீக்க வல்லுநர் குழு ஒன்று அல்லும் பகலும் உழைக்கிறது. அதோடு நிறைவு செய்கிறேன்."

"அப்புறம்?"

"அந்தக் குழுவில் இருப்பது யார் என்று கேட்கிறீர்கள். நான் இருக்கிறேன். மற்றவர்கள் நியமிக்கப்பட வேண்டும். நன்றி."

"அப்புறம்?" இம்முறை அக்காவின் குரலோடு ஓர் ஆண் குரலும் சேர்ந்துகொண்டது. ஓடும் பஸ்ஸின் படியில் நின்று கத்திப் பழகிய குரல். டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்வரிசையிலிருந்து ஒரு டீச்சரம்மாவின் கண்டிப்பான "அப்புறம்?" வந்தது. பிறகு சுவர், கூரை, மேடையின் அடிப்பலகை எல்லாம் கேட்டன. தலைவர் நீர் குடித்தார். நீர் குடித்தும் வாய் நிற்கவில்லை. பேசிப் பேசி மேல்செட் தளர்ந்தது. அதைக் கழற்றித் தண்ணீர்க் குவளையின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார். பல்லில்லாத வாயில் மேடைத் தமிழ் நிற்கவில்லை.

"எது சோகம்னு பாக்கணும்னா படிக்கணும். யாரு படிக்கிறது? எல்லாப் புத்தகத்துலயும் கடைசித் தாளுங்களைக் கிழிச்சிடச் சொல்லிட்டேன். சந்தோஷமா முடியறதுலயும்தான்."

"அப்புறம்?"

"நான் படிக்கிறதில்ல. சின்ன வயசுல ஒண்ணு ஆரம்பிச்சேன். அதுல ஒரு நாய்க்குட்டி காணாமப் போகும். எங்கம்மா படிச்சுக் காட்டுவாங்க. பாதியிலயே..." அவர் கூரையைப் பார்த்தார். "கிடைச்சுதான்னு எனக்குத் தெரியாது. எனக்கே தெரியாதப்ப இவங்களுக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்?"



"அப்புறம்?" அக்கா இதை மட்டும் கொஞ்சம் மெதுவாகக் கேட்டாள்.

"கிழிச்ச தாளைத் தூக்கிப் போட மனசு வரல. ஒரு வருஷம் கிழிச்சதை, அடுத்த வருஷம் பெட்டிக்குள்ள புத்தகம் ஆடாம இருக்கக் கசக்கி அடைச்சிடுவோம்."

இத்தனை வருடமாக எல்லோரும் அந்தக் கசங்கல் தாளைப் பெட்டியோடு குப்பையில் போட்டிருந்தார்கள். முதலில் நாடாவை அறுத்தது யார் என்று தெரியவில்லை. ஒரு நொடியில் மண்டபம் முழுக்கத் தாள் நீவும் சத்தம். பெட்டிக்குள் இருந்த புத்தகம் தலைவரின் சொற்பொழிவுத் தொகுப்பு. அதில் மட்டும் கடைசிப் பக்கம் பத்திரமாக இருந்தது. அதை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

"கொலையாளி யாருகிட்ட இருக்கு? டாக்டரு, நர்ஸு, தோட்டக்காரன் வர்ற கதை."

"எங்கிட்ட ஒரு கல்யாணம் இருக்கு. யாரோடதுன்னு பாருங்க."

"இந்தாங்க கொலை. நர்ஸு."

"நர்ஸா?" டிரைவர் முதுகுக்குப் பின்னால் திரும்பினார். "ஜெயிச்சிட்டடா. நான் பாவம் அந்த டாக்டரை ஒரு வருஷமாத் திட்டிட்டிருந்தேன்." பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு கசங்கலை நீவினார். "கப்பல், சமையல்காரன், இறங்குபடி... அம்மா, இது உங்களோடது. அட, அந்தக் கால் பார்த்தீங்கன்னா..."

"சொல்லாதீங்க."

அவள் ஒரு கையால் தன் காதைப் பொத்தினாள். மறுகையால் காலி நாற்காலிக்கு மேல், காது இருக்கக்கூடிய உயரத்தில் காற்றைப் பொத்தினாள். டிரைவர் அந்தக் கையைப் பார்த்தார். மேற்கொண்டு பேசாமல் தாள்களை மடித்து அவள் பைக்குள் வைத்தார்.

குழாய்கள் பழுதுபார்க்கப்படும் என்று வாரியம் மறுநாளே அறிவித்தது.

அவள் வீட்டுக்கு வந்து தாள்களை இஸ்திரி போட்டு நிமிர்த்தினாள். விளக்கு போடும் நேரம் வந்தது. தேநீர் இரண்டு குவளை. பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டு நடுவில் தாழ்ந்தது. அக்காவுக்குக் கதை விட்டுப்போயிருக்கும் என்று, கப்பல் கரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே நிதானமாக ஆரம்பித்தாள். கூட்டம் முண்டியது. மனைவி செருப்பைத் தொலைத்தாள். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்த வரிக்காகத்தான் இருவரும் காத்திருந்தார்கள். ஒரு வருடம். இறங்குபடியின் உச்சியில் ஒரு கால் தெரிந்தது. அந்தக் காலில்

பக்கத்தைப் புரட்டினாள். "செருப்பில்லை. கணுக்காலுக்கு மேல் கால்சட்டை சுருண்டிருந்தது."

மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

நாற்காலியிலிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது.